நாலிலிருந்து மூணுக்கு

என் கணவருக்கு முதுகெலும்பில் நோய் இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் நான் கார் ஓட்டத் தொடங்கினேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. ஆனால் லைசென்ஸ் அதற்குப் பத்து வருஷம் முன்பே என்னிடம் இருந்தது. அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் கோவில்பட்டியில் வாடகைக் கார் ஓட்டினார். சொந்த வண்டி, வெள்ளை நிற டீசல் கார். எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் பசுவந்தனைக்கும் நடுவே இருக்கிறது. காலையில் அவர் கார் ஸ்டாண்டுக்குப் போவார், நான் பஸ் பிடித்து நூலகத்துக்குப் போவேன். ஒரு சிறிய கிளை நூலகத்தில் எனக்கு வேலை. பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. தன் வண்டியில் ஏறியவர்கள் பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார்கள் என்பார். உண்மைதான். கண் ஆபரேஷன் முடித்த கிழவிகளையும், பிரசவமாகிப் பச்சைப் பிள்ளையோடு வருகிற பெண்களையும் கூட்டிவர இவரைத்தான் தேடி வருவார்கள். கியர் மாற்றுவது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. வேகம் குறைந்திருக்கும், வளைவு வந்து போயிருக்கும், உடம்பில் ஓர் அசைவு இருக்காது. மேல் கியருக்குப் போவது யாருக்கும் வரும், கீழே இறங்குவதில்தான் டிரைவர் யாரென்று தெரியும் என்று அடிக்கடி சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆசைப்பட்டுக் கேட்டேன் என்று எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. ஒரு மணி நேரம் ஒழுங்காகவே போனது. ஒரு பாலத்துக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றி, கிளட்சைச் சட்டென்று விட்டேன். வண்டி முன்பக்கம் அமுங்கி, எங்களை உலுக்கிக்கொண்டு இரண்டு முறை முக்கியது. அவர் முன் பலகையில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"வண்டி அழுவுது. கேக்கலையா உனக்கு? இறங்கு."

இறங்கி இடது பக்கம் வந்து உட்கார்ந்தேன். மறுபடி நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லித்தரவும் இல்லை. அடுத்த மாதம் அவருக்குத் தெரியாமல் கோவில்பட்டியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். நூலகத்தில் மதிய இடைவேளை நேரத்தில் போய்க் கற்றேன். லைசென்ஸ் கைக்கு வந்தது. அதைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு மறந்துபோனேன். வீம்புக்கு வாங்கியது. அந்த வீம்பும் வாங்கியதோடு தீர்ந்துவிட்டது.

அதன் பிறகு பத்து வருஷம். போன வருஷம் சித்திரையில் அவருக்கு முதுகுவலி வந்தது. டிரைவர்களுக்கு முதுகுவலி வராமல் இருக்குமா என்று நாங்கள் இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தைலம் தேய்த்தோம், பெல்ட் கட்டினோம், சீட்டில் தலையணை வைத்து ஓட்டினார். ஆடியில் ஒரு நாள் வண்டியிலிருந்து இறங்க முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது, நோய் சிறுநீரகத்தில் தொடங்கி முதுகெலும்பில் நான்கு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது என்று. திருநெல்வேலியில் பார்த்த டாக்டர் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. குணமாக்க முடியாது, கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்து வலியைக் குறைக்கலாம், பத்து நாள் வைக்க வேண்டும், தினமும் வந்து போங்கள் என்றார். இரண்டு வாரம் கழித்துத் தொடங்க நாள் கொடுத்தார்.

அன்று வண்டியை ஓட்டியவர் ஸ்டாண்டில் அவருடைய நெருங்கிய நண்பர். இருபது வருஷம் அனுபவம் உள்ளவர். ஆனால் ஒவ்வொரு முறை கியர் குறைக்கும்போதும் வண்டி ஒரு வெட்டு வெட்டும். நமக்கெல்லாம் அது தெரியாது, காரென்றால் அப்படித்தான் என்று இருப்போம். முதுகெலும்பு அரித்துப்போன ஒருவருக்கு அது தெரியும். கயத்தாறு சுங்கச்சாவடிக்கு முன்னால் வேகம் குறைத்தபோது என் கணவர் போட்ட சத்தத்தை நான் அதற்கு முன் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. நண்பர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதார்.

"அண்ணாச்சி, நான் மெதுவாத்தான் ஓட்டுதேன். இதுக்கு மேல எனக்குத் தெரியல."

ஒரு முறை ஆம்புலன்ஸிலும் போய்ப் பார்த்தோம். அது இதைவிட மோசம், தூக்கித் தூக்கிப் போட்டது. எங்கள் கரிசலில் போட்ட ரோடு மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். மேலே தார் புதிதாக இருந்தாலும் அடியில் மண் நெளிந்துகொண்டே இருக்கும். நூறு அடிக்கு ஒரு முறை வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

ஆம்புலன்ஸில் போய்வந்த அன்று சாயங்காலம் நான் பீரோவைத் திறந்து லைசென்ஸை எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த தேதியைப் பார்த்தார்.

"எப்ப எடுத்த?"

"நீங்க இறக்கி விட்டதுக்கு மறு மாசமே ஸ்கூல்ல சேந்து எடுத்தேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவன் காலு இருபது வருஷம் பழகின காலு. சொன்னாக் கேக்காது. உன் காலுக்குப் பழக்கமே கிடையாது. நான் சொன்னதக் கேக்கும்."

இப்படித்தான் எங்கள் பாடம் தொடங்கியது. இருந்தது பன்னிரண்டு நாள்.

அவரால் வண்டியில் உட்கார முடியாது. முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். நான் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பள்ளிக்கூடம்வரை எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிற ரோட்டில் ஓட்டுவேன். எங்கும் போய் இடித்துவிடாமல் இருக்க முதல் நான்கு நாள் அந்த நண்பர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டிக்குள் என் போன் ஸ்பீக்கரில் இருக்கும், அந்தப் பக்கம் கட்டிலில் அவர். நான் பார்க்கிறதை அவர் பார்க்கவில்லை. இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டார். போனிலும் கேட்டார், ஜன்னல் வழியாகவும் கேட்டார்.

முதல் நாள் எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொன்னார்.

"கிளட்ச மிதிச்சிட்டேன்னா இன்ஜின் வேற, சக்கரம் வேற. ரெண்டும் தனித்தனியாச் சுத்துது. நாலுல போற வேகத்துக்கு இன்ஜின் மெதுவாச் சுத்துனாப் போதும். அதே வேகத்துல மூணுக்கு வரணும்னா அது இன்னும் வேகமாச் சுத்தணும். அத நீ சுத்த வைக்காம கிளட்ச விட்டா சக்கரம் போய் இன்ஜின இழுக்கும். அந்த இழுவதான் குலுக்கல். ஓடுற பஸ்ல ஏறுதவன் என்ன செய்யுதான்? கூடவே கொஞ்ச தூரம் ஓடிட்டு ஏறுதான். நின்னுக்கிட்டே கம்பியப் பிடிச்சா கையப் பிடுங்கிட்டுப் போயிரும்லா?"

"அப்ப இன்ஜின முதல்ல ஓட விடணும்."

"ஆமா. கிளட்ச் உள்ள இருக்கையிலேயே ஆக்ஸிலேட்டர மிதிச்சு லேசா ரைஸ் குடு. ஒரு உறுமல். அந்தச் சத்தம் சரியான உசரத்துல இருக்கும்போது கிளட்ச விடு. கூடிப்போனா வண்டி முன்னால தாவும். குறைஞ்சா பின்னால இழுக்கும். சரியா இருந்தா ஒண்ணுமே நடக்காது. ஒண்ணுமே நடக்கலன்னாத்தான் நீ சரியாச் செஞ்சிருக்கன்னு அர்த்தம்."

முதலில் எனக்கு எதுவும் ஒன்றுசேரவில்லை. இடது கால் மிதிக்க, கை கியரைத் தள்ள, வலது கால் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்குத் தாவ, அதற்குள் வேகம் குறைந்துவிட, கொடுத்த ரைஸ் அதிகமாகிவிடும். அவர் வலது பாதத்தின் பாதியைப் பிரேக்கிலும் மீதியை ஆக்ஸிலேட்டரிலும் வைத்து ஒரே நேரத்தில் இரண்டையும் செய்வார். என் பாதம் சின்னது. அதை விட்டுவிடச் சொன்னார். பிரேக்கை முன்னாலேயே முடித்துவிடு, ரோட்டை ரொம்ப தூரம் பார்த்து வா, அவசரப்பட்டுப் பிடிக்கிற பிரேக்கே இருக்கக் கூடாது என்றார். செருப்பைக் கழற்றிவிட்டேன். சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறினேன். டீசல் இன்ஜினின் நடுக்கம் உள்ளங்காலில் தெரியத் தொடங்கியபோதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

ஊரில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போக வேனுக்குக் காத்திருக்கிற பெண்கள் நான் போகும்போதும் வரும்போதும் பேச்சை நிறுத்துவார்கள். புருஷன் கட்டிலில் கிடக்கிறான், இவள் கார் ஓட்டிப் பழகுகிறாள் என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. வண்டியை நிறுத்தி விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை. நான் போய்த் திரும்பினேன். போனில் அவர் குரல் வரும்.

"கூடிட்டு."

"குறைஞ்சிட்டு."

"இப்ப ரெண்டுக்கு வரணும். தூங்கிட்டியா?"

ஒன்பதாவது நாளில் ஒரு முறை நாலிலிருந்து மூணுக்கு வந்தேன். எனக்கே மாற்றியது தெரியவில்லை. போனில் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவரிடம் பாராட்டு என்றால் அது.

சிகிச்சை தொடங்குவதற்கு முந்தின நாள் அவருடைய அக்கா புதூர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினார். நான் மதினி என்று கூப்பிடுகிற அவருக்கு அறுபது வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். முப்பது ஆடுகள் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் ஆடுகளை ஒப்படைத்துவிட்டு ஒரு மஞ்சள் பையோடு வந்தார். மறுநாள் காலையில் காரின் முன்சீட்டை முழுக்கச் சாய்த்து, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தையை மடித்துப் போட்டு அவரைத் தூக்கிவந்து படுக்கவைத்தோம். மதினி பின்னால் உட்கார்ந்து தம்பியின் தோள்களைப் பிடித்துக்கொண்டார்.

கடம்பூர் வழி சுருக்கு, ஆனால் ரோடு மோசம். அதனால் சுற்றென்றாலும் கோவில்பட்டிக்குப் போய் நான்கு வழிச்சாலையைப் பிடித்தோம். ஆவணி மாதம். இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிசல் வெடித்து மழைக்குக் காத்துக் கிடந்தது. என் வியர்வை ஸ்டியரிங்கில் வழிந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். வலது கை கியர் கம்பிக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் வேகம் குறைக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பே, இன்ஜின் சத்தத்தை வைத்து, விரலால் மெத்தையில் ஒரு தட்டுத் தட்டுவார். அது ரைஸ் கொடுக்க வேண்டிய நேரம். தப்பினால் அவர் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கும். முதல் நாள் போய்வர ஏழு தடவை பல்லைக் கடித்தார். நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

"மெல்ல தாயி, மெல்ல. அவன் ஒடம்பு வெரச்சுக்கிடுது," என்று மதினி பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

இரண்டாம் நாள் ஐந்து முறை. மூன்றாம் நாள் கங்கைகொண்டான் பக்கம் ஒரு லாரி குறுக்கே வந்ததால் பலமாகப் பிரேக் பிடிக்க வேண்டியதாயிற்று. அன்று திரும்பி வந்து வீட்டுக்குள் கொண்டுபோகும்வரை அவர் முனகிக்கொண்டே இருந்தார். நான் அன்று சாப்பிடவில்லை. நான்காம் நாள் இரண்டு. வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை.

சனி, ஞாயிறு சிகிச்சை கிடையாது. அந்த இரண்டு நாளும் நான் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு பசுவந்தனைவரை போய்ப் போய் வந்தேன். எந்த இடத்தில் ரோடு உப்பியிருக்கிறது, எந்தப் பாலத்தின் தலைப்பில் பள்ளம் என்பதெல்லாம் மனப்பாடமானது. மீட்டர் முள்ளைப் பார்க்காமலே இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறது என்று காதுக்குத் தெரிந்தது. நாலிலிருந்து மூணுக்கு, மூணிலிருந்து ரெண்டுக்கு, ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வைத்தால்கூடச் சிந்தாது என்று தோன்றியது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவர் பல்லைக் கடிக்கவில்லை. விரலால் தட்டவும் இல்லை. கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். செவ்வாய்க்கிழமை திரும்பும்போது தூங்கியேபோனார். மதினி குனிந்து பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

"அசந்து தூங்குதான் தாயி. நல்லா ஓட்டுத."

நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த இரண்டு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். அவர் வண்டியில் மற்றவர்கள் தூங்கியதுபோல, என் வண்டியில் அவர் தூங்குகிறார் என்று பெருமைப்பட்டேன். கரண்ட் வேலை செய்கிறது என்றும் நினைத்தேன். டாக்டர் வலி குறையும் என்றுதானே சொன்னார், குறைந்துவிட்டது என்று மூன்று பேரும் நம்பினோம்.

புதன்கிழமை, எட்டாவது நாள். சிகிச்சை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கயத்தாறைத் தாண்டியிருந்தோம். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். கியர் கம்பியில் என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏட்டி, நீ இப்ப கியர் மாத்துனியா?"

"மாத்துனேன். முன்னால லாரி போச்சு, அதான் மூணுக்கு வந்தேன்."

"எனக்குத் தெரியலையே."

"தெரியக் கூடாதுன்னுதான பழகுனேன்," என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று கிலோமீட்டர் போனது.

"ஒண்ணு தப்பா மாத்து."

"என்னது?"

"நாலுலருந்து ரெண்டுக்குப் போடு. ரைஸ் குடுக்காத. கிளட்சப் பட்டுன்னு விடு."

"ஏலே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் மதினி.

"நீ பேசாம இரு. நான் அவட்டச் சொல்லுதேன்."

"ஏங்க, வேண்டாம். வலிக்கும்."

"அதத்தான் பாக்கணும்ங்கேன்."

பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. வேகத்தை நன்றாகக் குறைத்து ஓரத்துக்கு வந்தேன். என் கால் அதைச் செய்ய மறுத்தது. அத்தனை நாள் எதைச் செய்யக் கூடாதென்று பழகியதோ அதைச் செய்யச் சொல்கிறார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டுக்குத் தள்ளிக் கிளட்சை விட்டேன். இன்ஜின் அலறியது. வண்டி முன்னால் குப்புறக் கவிழ்வதுபோல அமுங்கி எங்களை உலுக்கியது. மதினியின் தலை என் சீட்டில் மோதியது. என் கணவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

"தலை ஆடுச்சு," என்றார். "கீழ ஒண்ணுமில்ல."

வண்டியை நிறுத்தினேன். மதினி இறங்கி வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்து அவர் தொடையைக் கிள்ளினார். முழங்காலைக் கிள்ளினார். கால் கட்டைவிரலைத் திருகினார்.

"தெரியுதாலே? இது தெரியுதா? ஏலே, இது?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், இல்லை இல்லை என்று. ரோட்டோரத்தில் நின்று மதினி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்.

வண்டியைத் திருப்பித் திருநெல்வேலிக்கே போனேன். டாக்டர் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். சனிக்கிழமையே பாதம் மரத்ததுபோல இருந்ததாக என் கணவர் சொன்னார். வலி போகிறதே என்று அதை யாரிடமும் சொல்லவில்லை என்றார். டாக்டர் என்னை வெளியே கூட்டிவந்தார். முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்திவிட்டது, மரத்த அன்றே தெரிந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம், இப்போது ஊசி போடலாம், கால் திரும்புமென்று நான் சொல்ல மாட்டேன் என்றார். அவர் குரலில் என்மேல் குற்றம் சொல்லும் தொனி எதுவும் இல்லை. அது தேவைப்படவும் இல்லை. திங்களும் செவ்வாயும் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவள் நான். அவர் உடம்பு அடங்கிப் போனதை என் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டவளும் நான்.

ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். கால் திரும்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றபோது ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இனி எது குலுக்கினாலும் அவருக்கு ஒன்றுதான். மதினி அவரோடு ஏறிக்கொண்டார். நான் எங்கள் காரை ஓட்டிக்கொண்டு பின்னால் போனேன். பக்கத்துச் சீட்டில் மெத்தை மட்டும் கிடந்தது. ஊர் ரோட்டில் அந்த வேன் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி விழுவதைப் பார்த்துக்கொண்டே போனேன். அதன் பின்கதவில் என் கண் குத்தியிருந்தது. எங்கே எந்தக் கியர் போட்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தார். சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தது. முதுகில் புண் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நானும் மதினியும் புரட்டிப் போடுவோம். நூலகத்துக்கு லீவு போட்டிருந்தேன். ஸ்டாண்டு நண்பர் தினமும் வருவார், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சவாரிக் கதைகள் சொல்வார், வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொள்வார். வண்டியைப் பற்றி என் கணவர் பேசவே இல்லை. ஒரு நாள் மத்தியானம் நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது தானாகத் தொடங்கினார்.

"அன்னைக்கு ஒன்ன இறங்குன்னு சொன்னேம்லா, பாலத்துக்கிட்ட."

"ஆமா."

"சொல்லாம இருந்திருந்தா இத்தன வருஷமா ஓட்டியிருப்ப."

"ஓட்டி எங்க போயிருக்கப் போறேன்?"

"அதுவும் சரிதான்," என்றார். வாயைத் திறந்தார். அடுத்த கரண்டியைக் கொடுத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு நாள் காலையில் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது போய்விட்டார். சத்தமில்லை. துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பினேன், மூச்சு இல்லை. மதினி அடுப்படியில் இருந்தார். அங்கே போய்க் கூப்பிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மதினி ஊருக்குக் கிளம்பினார். ஆடுகளை விட்டு வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார். நான் விடவில்லை, கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். முன்சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வழியில் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தார். தண்ணீர் கொடுத்தேன்.

"கார் எனக்கு எப்பவும் ஒத்துக்கிடாது தாயி," என்றார்.

"இத்தன நாள் வந்தீங்களே மதினி?"

"அப்ப வாந்தி எடுத்தா அவனப் பிடிக்க ஆள் வேணும்லா."

அவருடைய வீடு புதூரைத் தாண்டி ஒரு மண் பாதையில் உள்ளே போகிறது. பாதை தொடங்குமிடத்திலேயே இறக்கிவிடச் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுவரை விடுகிறேன் என்று உள்ளே திருப்பினேன். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. ஐம்பது அடி போகவில்லை, வண்டி இறங்கிவிட்டது. ஒன்றில் போட்டுப் பார்த்தேன், ரிவர்ஸில் போட்டுப் பார்த்தேன். சக்கரம் சுற்றச் சுற்ற மண் அப்பிக்கொண்டு இன்னும் ஆழமாக உட்கார்ந்தது.

"நிறுத்து தாயி. டிராக்டர்தான் வரணும்," என்றார் மதினி.

இறங்கி, மஞ்சள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். என் முகத்தை ஒரு முறை தடவினார்.

"இனிமே எனக்கு அங்கன என்ன இருக்கு. நீ ஒடம்பப் பாத்துக்கோ."

சேற்றில் கால் புதையப் புதைய நடந்து போனார். ஆடுகளின் சத்தம் தூரத்தில் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. டிராக்டர் அனுப்பச் சொல்கிறேன் என்று கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பக்கத்தில் உளுந்து முளைத்து இரண்டிலை விட்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து டிராக்டர் வந்தது. ஓட்டிவந்தவர் சேற்றில் இறங்கிச் சங்கிலியை மாட்டினார். என்னைப் பார்த்துவிட்டு, வண்டியின் மறுபக்கத்தையும் பார்த்தார்.

"டிரைவர் எங்கம்மா?"

"நான்தான்," என்றேன்.

"அப்ப ஏறி நியூட்டரல்ல போட்டுட்டு ஸ்டியரிங்க மட்டும் நேராப் பிடிச்சுக்கோங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அவர் சொன்னபடியே ஏறி உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன்.